மோப்ப நாயின் பதிவேடு



2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் துருக்கி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. உதவிக்குச் சென்ற நமது தேசியப் பேரிடர் மீட்புப் படையுடன் மோப்ப நாய்களும் சென்றன. நூர்தாகி என்னும் ஊரில், இடிபாட்டின் ஓரிடத்தில் ஜூலி என்ற நாய் நின்று குரைத்தது. ரோமியோ என்ற மற்றொரு நாயும் அவ்விடத்தையே சுட்டியது. அங்கிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிருடன் மீட்கப்பட்டாள்.

குரைத்த இடத்தை எல்லோரும் அறிவோம். நாய் வாளாவிருந்து கடந்த இடங்களின் நிலை யாது? அங்கே எவருமிலர் என்று கருதி வீரர்கள் அப்பாற் செல்லலாமா? அந்த மௌனத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிவிப்பது பயிற்சிப் பதிவேடேயாகும்.

நாள், நேரம், வெப்பநிலை, காற்றின் திசை, தேடிய பரப்பு, ஒளிந்திருந்தவர் எவ்வளவு நேரம் அங்கிருந்தார், கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பனவற்றை அன்றன்றே அதில் எழுதுதல் வேண்டும். இவற்றினும் இன்றியமையாதவை மூன்று உள.

முதலாவது, நாய் தவறவிட்டதும் வீணே குரைத்ததும். நண்பகல் வெயிலிலேயே தவறுகள் மிகுகின்றன என்று ஏடு காட்டுமாயின், அவ்வேளைக்குரிய பயிற்சியை மிகுதியாக்கலாம்.

இரண்டாவது, ஒருவரையும் ஒளித்துவையாத இடத்தில் நடத்திய தேடல். ஒவ்வொரு முறையும் ஆளைக் கண்டு பரிசு பெற்றே பழகிய நாய், ஆளில்லா இடத்திலும் பரிசை விழைந்து குரைக்கக்கூடும்.

மூன்றாவது, ஒளிந்த இடத்தைப் பயிற்சியாளர் முன்னரே அறிந்திருந்தாரா என்பது. பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றிருந்தது. வினவுபவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் அது தெரியவில்லை என்பதை ஆஸ்கார் புங்ஸ்ட் என்பவர் 1907-இல் வெளியிட்ட ஆய்வு விளக்கிற்று. வினவுபவரின் நுண்ணிய உடலசைவைக் கண்டே அது குளம்பு தட்டுவதை நிறுத்தி வந்தது! நாயும் தன் தலைவனின் குறிப்பறிய வல்லது. ஆதலின், இருவரும் அறியாத இடத்தில் நடந்த தேடலே மெய்யான தேர்வு.

வெற்றிகளை மட்டும் எழுதிய ஏடு அலமாரிக்கு அழகு தரலாம். இடிபாட்டின் கீழ் மூச்சடக்கிக் காத்திருப்பவர்க்குத் துணையாவது, தவறுகளையும் மறையாது எழுதிய ஏடே. நீங்கள் எந்தப் பதிவேட்டை எழுதினும் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.