எனாமல் கம்பியும் ஈயப் பூச்சும்

(மலையகத் தோட்டங்களிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து மோட்டர், றேடியோ வேலை பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் ஆற்றிய உரை.)



நாம் கூடியிருப்பது மீன் பாடும் வாவிக் கரையில். அருட்தந்தை லாங் என்ற இயேசு சபைத் துறவியின் உதவியோடு பதிவான அந்தச் சத்தம் 1960 களில் இலங்கை வானொலியில் ஒலித்தது. கேட்டவர்களின் றேடியோ ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர் இருந்தது. ஸ்பீக்கருக்குள் மெல்லிய கம்பிச் சுருள் இருந்தது. வடக்கில் 1990 க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருஷங்களில் சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றியே செய்தி கேட்டார்கள். அந்த டைனமோவுக்குள்ளும் இதே கம்பிதான். இன்று நாம் பேசப் போவது அதன் நுனியைப் பற்றி மட்டும்.

எனாமல் கம்பியைப் புதிதாகப் பார்க்கிறவர் வெறும் செம்பு என்றே நினைப்பார். அதன் மேல் கண்ணாடி போல வார்னிஷ் படலம் ஒன்று இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று ஒட்டிக் கிடந்தாலும் மின்சாரம் குறுக்கே பாயாமல் தடுப்பது அதுதான். ஆனால் நுனியில் அது போகாவிட்டால் சோல்டர் பிடிக்காது. பிடித்த மாதிரித் தெரியும். இழுத்தால் கழன்று வரும். இந்தக் கரையில் காற்றிலேயே உப்பு. அரைகுறையாகச் சுரண்டிய மூட்டு கொஞ்ச நாளில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். சுற்றிக் கொடுத்த மோட்டர் திரும்பி வரும், கூலியும் போகும், பேரும் போகும். படுவான்கரையில் வயலுக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர் நடுவில நின்னா அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்தை என்ன செய்வார்? முதலில் நல்லாத் தேய்த்து விளக்குவார், சூடாக்குவார், நவச்சாரம் போடுவார், பிறகுதான் ஈயம். நம்ம வேலையும் அதே வரிசைதான். நவச்சாரம் மட்டும் இங்கே கூடாது. அதன் உப்பு மிச்சம் நின்று கம்பியை அரித்துவிடும். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுக்கிற ரெசின் போதும். சோல்டர் கம்பி பலவற்றின் நடுவிலேயே அது இருக்கிறது.

கம்பி எல்லாம் ஒரு ஜாதி இல்லை. றேடியோச் சுருளுக்கு வரும் மெல்லிய கம்பிகளில் பலவற்றின் பூச்சு பொலியூரித்தேன். அயனை 380, 400 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நுனியில் ஒரு சொட்டு சோல்டர் நிறுத்தி, அதுக்குள்ள கம்பியைப் பிடித்தால் பூச்சு தானே கருகி விலகும், ஈயமும் ஏறும். மோட்டர், ஃபேன் கம்பியின் பூச்சு சூட்டுக்கு அசையாது. அதைச் சுரண்டத்தான் வேண்டும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கம்பியைத் திருப்பித் திருப்பிச் சுரண்டுங்கள். குத்தி வெட்டினால் அந்த இடத்திலேயே ஒடியும். 36 கேஜ் கம்பியின் தடிப்பு 0.19 மில்லிமீற்றர்தான், அதுக்குக் கத்தியே வேண்டாம், நைஸான அரத்தாளை மடித்து, இடையில வச்சு மெதுவா இழுத்தாப் போதும். கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்கு இது தெரியும். பொம்பளைப் பிள்ளைகளை இந்த வேலைக்கு ஏன் அனுப்புவதில்லை என்று பெற்றோரைக் கேட்கிறோம்.

படலம் போன இடம் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். வெள்ளி மாதிரி வெளுத்துத் தெரிந்தால் அது செம்பே இல்லை, அலுமினியம். மலிவு ஃபேன்களில் வரும். சாதாரண சோல்டர் அதில் ஒட்டாது. பழைய றேடியோவின் ஏரியல் சுருளில் நூல் மாதிரிப் பல இழை சேர்ந்திருக்கும். ஓர் இழை விடுபட்டாலும் சத்தம் குறையும்.

லைட்டரால் எரித்தால் சுலபம் என்கிறார்கள். கரி படிந்து, செம்பும் கறுத்து, மறுபடி தேய்க்கத்தான் வேண்டும். மெல்லிய கம்பி உருகியே போகும். டிஸ்பிரின் குளிசை மேல கம்பியை வச்சு அயனால் அழுத்துகிற வித்தையும் உண்டு. பூச்சு போகும், உண்மைதான். ஆனால் கிளம்புகிற புகை மூக்கையும் தொண்டையையும் அறுக்கும்.

பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பொலியூரித்தேன் கருகும் புகை நெஞ்சுக்குள் போய் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. வழக்கமான சோல்டரில் 100 க்கு 40 பங்கு காரீயம்; அது சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். லீவுக்கு வீட்டுக்கு வரும் மகன் லயத்துக் காம்பராவுக்குள், தொட்டில் பக்கத்தில் அயனைச் சூடாக்கினால் விடாதீர்கள். விறகுப் புகையே அங்கே போதும் போதும் என்று இருக்கிறது. இஸ்தோப்புக்கு வெளியே, காற்றுப் போகிற பக்கமா உட்காரச் சொல்லுங்கள். சுரண்டிய தூளை ஈரத் துணியால் துடைக்கட்டும். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் ரொட்டியைத் தொடக்கூடாது.

மேசையில் ஆளுக்கு ஒரு முழக் கம்பி வைத்திருக்கிறோம். இரண்டு நுனியையும் சுரண்டி, ஈயம் ஏற்றி, பற்றரியோடும் சின்ன பல்போடும் தொடுத்துப் பாருங்கள். எரிந்தவர்கள் கம்பியை அசைத்து இன்னொரு தரம் பாருங்கள்.