தைக்காட்டு ஆஸ்பத்திரியும் நம் தாய்மார்களும்

(திருவனந்தபுரத்தில் நடந்த சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கவும், கட்டட வேலையில் சாந்து சுமக்கவும் இந்த ஊருக்கு வந்தவர்கள் நாம். நம்மில் பல பெண்கள் பிரசவத்துக்குத் தைக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். அங்கே நூறாண்டுக்கு முன் பணிசெய்த ஒரு பெண் டாக்டரைப் பற்றி இன்று பேசுவோம். பெயர் மேரி புன்னன் லூக்கோஸ்.

1886 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கோட்டயத்துக்குப் பக்கத்தில் அய்மனத்தில் பிறந்தார். அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூலை 30-ல், புதுக்கோட்டையில் பிறந்தவர் நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முத்துலட்சுமிக்குக் கதவு திறந்தது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியோ, பெண் என்பதற்காக மேரிக்கு அறிவியல் பிரிவில் இடம் இல்லை என்றது. வேறு வழியின்றி வரலாறு படித்து 1909-ல் பி.ஏ. தேறினார். பிறகு லண்டன் போய் மருத்துவம் படித்தார். தகப்பனார் அரண்மனை வைத்தியர்; கப்பலேற்றிப் படிக்கவைக்க வசதி இருந்தது. நம் வர்க்கத்துப் பெண் அல்ல அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. படித்து வந்த பிறகு யாருக்கு வேலை செய்தார் என்பதே நமக்குக் கணக்கு.

1916-ல் திரும்பி வந்து தைக்காட்டில் பொறுப்பேற்றார். கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, பெண்கள் வரவில்லை. பிரசவம் என்றால் வீடு, மருத்துவச்சி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வந்தால் தன் பிழைப்பு போய்விடும் என்று மருத்துவச்சி நினைத்தால் அதில் என்ன தப்பு? மேரி அவர்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே அழைத்துப் பிரசவம் பார்க்கும் பயிற்சி கொடுத்தார். எதிர்த்த வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு ஆள் கிடைத்தது. 1918-ல் தம் முதல் குழந்தையை அந்த ஆஸ்பத்திரியிலேயே பெற்றார். டாக்டரம்மாவே இங்கே பெறுகிறாரே என்று பார்த்த பிறகு ஊர்ப் பெண்களுக்குத் துணிவு வந்தது. கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவையை 1920-ல் செய்தவரும் அவரே.

1922-ல் திருவிதாங்கூர் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1938-ல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார்: 32 அரசாங்க ஆஸ்பத்திரிகளும் 40 டிஸ்பென்சரிகளும் அவர் பொறுப்பில். அமெரிக்காவில் சர்ஜன் ஜெனரல் என்ற பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-ல்தான். அங்கே அந்தப் பதவியின் வேலை வேறு. என்றாலும் ஆண்டுகளைக் கவனியுங்கள்.

அவர் முயற்சியால் நாகர்கோவிலில் காசநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. ஏன் நாகர்கோவிலில்? அன்று அதுவும் திருவிதாங்கூர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி, இவையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதுவரை நாஞ்சில் நாட்டு உழவனின் நிலவரியும் சேர்ந்துதான் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குச் சம்பளமும் மருந்தும் ஆயிற்று. ‘பாண்டி’ என்று நம்மை ஏளனம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கோபப்படாமல் சொல்லுங்கள்.

இப்போது நம் வீட்டு விஷயம். எட்டாம் மாதம் வரை நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கூலி போகும் என்ற பயம், மலையாளச் சீட்டைப் படிக்கத் தெரியாத கூச்சம், ‘ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளலாம்’ என்ற எண்ணம். வலி வந்தபின் தென்காசி வண்டி ஏற முடியுமா? 2011 ஜூன் 1-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். சிசேரியன், மருந்து, ரத்தம், சோதனை, சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். பிறந்த குழந்தைக்கு வைத்தியமும் உண்டு. தமிழ்ப் பெண், மலையாளப் பெண் என்ற பேதம் அந்த உத்தரவில் இல்லை.

மேஸ்திரிமார்களே, பரிசோதனை நாளில் பெண்ணை வேலைக்கு வா என்று அழைக்காதீர்கள். வேலை மாறி வேறு இடம் போகும்போது கர்ப்ப அட்டையைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். புது இடத்தின் ஆஷா ஊழியரிடம் அதைக் காட்டுங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் ஓ.பி. நாளில் துணைக்கு வரவேண்டும். யார் யார் வருவீர்கள் என்று கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுங்கள்.