வியாபாரம் படிப்பவருக்குத் தத்துவம் எதற்கு?

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுமுறையில் ஊருக்கு வந்த என்னையும் ஒரு பொருட்டாக மதித்துப் பேச அழைத்தமைக்கு என் நன்றி. ஐக்கிய அமெரிக்காவில், லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் பல்கலைக் கல்வியை அடிப்படையாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் பயின்று வருகிறேன். வந்த நாள் தொட்டுப் பெரியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "தம்பி, யாவாரம் படிக்கப் போன பிள்ளைக்குத் தத்துவமும் சரித்திரமும் என்னத்துக்கு?"

கேள்வி நியாயமானது. என் படிப்புக்காக வீட்டார் காணியை ஈடு வைத்திருக்கின்றனர். ஆகவே மறுமொழி கூறும் கடமை எனக்கு உண்டு.

லிபரல் ஆர்ட்ஸ் என்னும் பெயர் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. சுதந்திர மனிதருக்குரிய கலைகள் என்பது அதன் பொருள். மத்திய கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், கேத்திரகணிதம், சங்கீதம், வானசாஸ்திரம் என்னும் ஏழையும் அது குறித்தது. இக்காலத்தில், ஒரு துறையைச் சிறப்பாகக் கற்பவரும் இலக்கியம், விஞ்ஞானம், சரித்திரம், தத்துவம் முதலியவற்றில் பயிற்சி பெற்றே பட்டதாரியாக வேண்டும் என்பதே அதன் முறை.

இது நமக்குப் புதியதன்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளிலிருந்த பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். மிஷன் பாடசாலையில் படித்த நான் இவ்வரலாற்றைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன்.

வணிகக் கல்வியோ பல்கலைக்கழகத்துக்குப் பிந்தி வந்தது. 1881இல் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபரின் நன்கொடையால் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதல் வணிகக் கல்விப் பீடம் ஏற்பட்டது. பின்னர் பல இடங்களில் இக்கல்வி வெறும் தொழிற்பயிற்சியாகக் குறுகிற்று. 1959இல் போர்ட், கார்னகி ஆகிய இரு தாபனங்களின் ஆதரவில் வெளிவந்த அறிக்கைகள் அக்குறையைச் சுட்டிக்காட்டி, வணிக மாணவருக்குப் பொதுக்கல்வி மேலும் வேண்டும் என வற்புறுத்தின.

இதன் உண்மையை நான் உணர்ந்தது நமது ஊரிலேதான். சென்ற விடுமுறையில் என் சின்னம்மா ஒரு கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். கடன் 50,000 ரூபா. ஆண்டு வட்டி 24 வீதம். பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000 ரூபா சேர்த்து 62,000 ரூபாவை, மாதம் ஏறத்தாழ 5,167 ரூபாவாகக் கட்டவேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் கணக்குச் சரி. ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே போகிறது; வட்டியோ கடைசி மாதம் வரை முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. அவர் கையில் மிஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் கணக்கிட்டால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 41 வீதத்துக்கும் மேல். இதைக் கண்டுபிடிக்க என் நிதிப் பாடம் உதவிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பத்திரத்தைத் தயாரித்தவரும் என்னைப்போல வணிகம் படித்தவராகத்தான் இருப்பார். எனக்குத் தெரிந்த சூத்திரம் அவருக்கும் தெரியும். நாளை அந்தக் கதிரையில் நான் அமர்ந்தால் என்ன செய்வேன்? நிதிப் பாடநூலில் இதற்கு விடை இல்லை. விளங்காமல் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா எனத் தத்துவ வகுப்பில் பல வாரம் விவாதித்தோம். அப்போது அது வீண்பேச்சாகத் தோன்றிற்று. சின்னம்மாவின் கையெழுத்தைக் கண்டபோதுதான் அந்த விவாதம் யாரைப் பற்றியது என்பது விளங்கிற்று. அந்தக் கடனில் நான் எதையும் மாற்ற இயலவில்லை. அவர் முழுவதையும் கட்டித் தீர்த்தார்.

திருவள்ளுவர் வாணிகம் செய்வார்க்குரிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். நாம் ஓதும் வரிசையில் அது 120ஆம் குறள். பெரியோர்களே, தாங்கள் கேட்ட கேள்விக்கு இதனினும் நல்ல மறுமொழி என்னிடம் இல்லை.

நண்பர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். கிழமைக்கு ஒரு நாள் மாலையில் நமது வாசிகசாலையில் கணக்குத் தெரிந்த இருவர் அமர்ந்திருப்போம். கடன் வாங்க எண்ணுவோர் கையெழுத்திடுமுன் பத்திரத்தைக் கொண்டுவரட்டும், வாசித்து விளக்குவோம். நான் திரும்பிப் போகும்வரை முதலாவது இடம் என்னுடையது. அடுத்த இடத்துக்கு ஒருவர் இன்றே பெயர் தரவேண்டும்.