காவல் பணி எனும் அமானிதம்

 

 

சீருடைப் பணியாளர் தேர்வு அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் இருவகைப் பேச்சு எழுகிறது. நம் பிள்ளைகளும் காவல் துறைக்குப் போக வேண்டும் என்பார் ஒரு சாரார். பாவமும் பழியும் நிறைந்த அந்த வேலை நமக்கு எதற்கு என்பார் மறு சாரார். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பவர், படிப்பை முடித்து விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்தாம். அவருக்காகவே இன்றைய உரை.

தேவை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2006இல் வெளியான சச்சார் குழுவின் அறிக்கை, ஐபிஎஸ் அதிகாரிகளில் முஸ்லிம்கள் 4 விழுக்காட்டினரே என்று கூறியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் அவர்கள் 13.4 விழுக்காட்டினர். தமிழகத்தில் 2007 முதல் அரசுப் பணிகளில் நமக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. கதவு திறந்திருக்கிறது. ஆனால், சமுதாயத்திற்குத் தேவை என்பது வேறு. அந்தப் பணி உமக்குப் பொருந்துமா என்பது வேறு.

அபூதர் அல்கிஃபாரீ (ரலி) அவர்களை நாம் அறிவோம். உண்மை பேசுவதிலும் உலகப் பற்றின்மையிலும் ஈடிணையற்ற நபித்தோழர். அவர்கள் தமக்கு ஒரு பதவி வேண்டுமென்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அன்போடு அவர்களின் தோளில் தட்டி, அந்தப் பொறுப்பைத் தாங்கும் வலிமை அவர்களிடம் இல்லை என்பதை உணர்த்தினார்கள். பதவி என்பது அமானிதம். அதை உரிய முறையில் ஏற்று நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு மறுமையில் அது இழிவும் கைசேதமுமாகவே முடியும் என்று எச்சரித்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! அபூதர் (ரலி) அவர்களின் ஈமானில் குறையில்லை. ஆயினும் அந்தப் பணி அவர்களுக்குப் பொருந்தவில்லை. எனவே, காவல் பணி எனக்கு ஒத்துவராது என்று ஒருவர் முடிவெடுத்தால் அது கோழைத்தனம் அன்று. தன்னை அறிந்தவரின் தெளிவு அது.

அளந்தறியக்கூடிய தகுதி

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அண்மை அறிவிப்புகளின்படி பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் ஆண்களுக்கு வயது வரம்பு 28. உயரம் 170 செ.மீ. 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறுதல் முதலான உடற்திறன் போட்டிகளும் உண்டு. முயற்சியுள்ள இளைஞர் சில மாதப் பயிற்சியில் இவற்றுக்குத் தயாராகிவிடலாம். ஆனால், நாடாவால் அளக்க முடியாத தகுதிகள் சில உள்ளன. அவற்றை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

எளியவர் உம் கையில் இருக்கும்போது

ஷாம் தேசத்தில் வரி செலுத்தாத உழவர்கள் சிலரை அதிகாரிகள் கடும் வெயிலில் நிறுத்தி, தலையில் எண்ணெய் ஊற்றி வதைத்துக்கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் திடுக்கிட்டார்கள். இவ்வுலகில் மனிதர்களை வதைப்போரை அல்லாஹ் வேதனை செய்வான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாக எடுத்துரைத்தார்கள். ஆளுநரிடமே சென்று முறையிட்டார்கள். உழவர்கள் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். அவர்கள் மனிதர்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. கைதின்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்ற பழைய விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே, அடித்து உண்மையை வரவழைப்பதே திறமை என்று நம்புபவருக்கு இப்பணி பொருந்தாது. கோபம் வரும்போது வீட்டில் தம்பி மீது கை ஓங்குபவர், லத்தி கையில் வந்தபின் என்ன செய்வார் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மறுத்துச் சொல்லும் துணிவு

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை நாடே அறியும். காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும், சிறையில் அடைக்கப்பட்ட சில நாள்களில் இறந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரிடம், அந்நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அவ்விருவரும் இரவு முழுதும் தாக்கப்பட்டதைச் சொன்னார். அவருக்கு அச்சம் இல்லாமலில்லை. கையொப்பமிடவே தயங்கினார். ஆனாலும் சாட்சி சொன்னார், கையொப்பமும் இட்டார். பின்னர் காவல் துறையினர் ஒன்பது பேர்மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி திருமறை கட்டளையிடுகிறது. மேலதிகாரியும் உடன் பணிபுரிவோரும் ஒருபுறம், உண்மை மறுபுறம் என்று ஓர் இரவு வருமானால், நீங்கள் எங்கே நிற்பீர்கள்? இதற்கு விடை தேடாமல் விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள்.

நம்மவர், பிறர் என்ற வேறுபாடு

கோவையில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த துயரங்களுக்குப் பின், காக்கிச் சீருடையைக் கண்டு நம் தாய்மார்கள் கொண்ட அச்சம் ஆழமானது. அந்த அச்சத்தைப் போக்க நம்மவர் ஒருவர் நிலையத்தில் இருப்பது நல்லதே. குறிப்பாக, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் நம் சகோதரி ஒருவர் இருந்தால், வீட்டுக்குள் அடிபடும் பெண் தன் துயரைத் தயங்காமல் சொல்வாள்.

ஆனால், நம்மவரைக் காப்பாற்றுவதற்காகவே போகிறேன் என்று எண்ணினால் அது பிழை. உயர்குலப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகப் பரிந்துரை வந்தது. தம் அருமை மகளே திருடியிருந்தாலும் தண்டனை மாறாது என்று அண்ணலார் (ஸல்) அறிவித்துவிட்டார்கள். ஜமாஅத் பெரியவரின் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடும்போதும், முன்பின் அறியாத மாற்றுச் சமயத்தவர் முறையிட வரும்போதும் உம் பேனா ஒரே விதமாக எழுத வேண்டும். லஞ்சத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே சாபத்திற்குரியவர்கள். சம்பளம் போதாது, மேல் வருமானம் வரும் என்று கணக்கிட்டுப் போகிறவர் போகாமலிருப்பதே நலம்.

அன்றாட வாழ்வு

திரைப்படம் காட்டும் வாழ்வன்று இது. புதிதாகத் தேர்வாகும் காவலர் பெரும்பாலும் ஆயுதப் படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ செல்வார். தலைவர்களின் வருகைக்கும் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் வெயிலில் நிற்பதே முதற்பணி. உதவி ஆய்வாளர் நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். 2021இல் அரசு வார விடுப்பை அறிவித்தது. எனினும் பந்தோபஸ்து வந்தால் விடுப்பு தள்ளிப்போகும். பெருநாள் அன்று ஊரார் தொழ, நீங்கள் ஈத்காஹ் வாசலில் காவல் நிற்க நேரலாம். திருமணம் பேசும்போதே பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

தாடி வைத்தால் வேலை போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1957ஆம் ஆண்டு மதராஸ் போலீஸ் கெஜட்டைச் சுட்டிக்காட்டி, தமிழகத்தில் முஸ்லிம் காவலர்கள் பணியிலும் ஒழுங்காகப் பராமரித்த தாடி வைத்துக்கொள்ளலாம் என 2024 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது.

முடிவெடுக்கும் முன்

பணியிலிருக்கும் காவலர் ஒருவரையும் ஓய்வுபெற்ற ஒருவரையும் சந்தித்து, அவர்களின் ஒரு நாளைக் கேட்டறியுங்கள். வாய்ப்பிருந்தால் ஊர்க்காவல் படையில் சேர்ந்து பாருங்கள். கூட்டத்தில் ஏச்சுக் கேட்டும் பொறுமை காக்க முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். உயிரைக் காக்கும் துணிவு உண்டு, ஆனால் ஒருவரைப் பிடித்து அடைக்க மனம் வரவில்லையா? காவலர் பணியுடன் தீயணைப்பாளர் பணிக்கும் ஒரே பொதுத் தேர்வுதான் நடத்தப்படுகிறது. அதுவும் மக்கள் பணியே. பெற்றோரிடம் கலந்து பேசி, இஸ்திகாரா தொழுது, பின்னர் முடிவெடுங்கள்.

பெற்றோரே! பிள்ளை தகுதியுள்ளவன் என்றால் அச்சத்தால் தடுக்காதீர்கள். தகுதியில்லை என்று அவனே சொன்னால் கௌரவத்திற்காகத் தள்ளாதீர்கள்.

அதிகாரம் கையிலிருந்தும் அநீதி செய்யாத நல்லோராக, சத்தியத்திற்குச் சாட்சி சொல்லும் துணிவுடையோராக நம் இளைஞர்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.