வரைகலையும் வாழ்வாதாரமும்: சென்னை ஓவியர்கள் கண்ட வழிகள்

படம் வரைவதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஓர் இளைஞர் அதனையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும்போது, வீட்டிலும் ஊரிலும் முதலில் எழுகின்ற கேள்வி, அது சோறு போடுமா என்பதே. கலையின் அருமை அறியாதவர்களின் கேள்வி என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், தென்னிந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை உற்று நோக்கினால், பின்னாளில் பெரும்புகழ் எய்திய ஓவியர்களும் இதே கேள்வியை எதிர்கொண்டு, அதற்கு விடை காண்பதில் தம் காலத்தையும் ஆற்றலையும் பெருமளவு செலவிட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். சென்னைக் கலைப் பள்ளியைச் சூழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிகழ்ந்த முயற்சிகள், ஓவிய ஆர்வம் எத்தகைய துணைகள் அமையும்போது தொழிலாக நிலைபெறுகிறது என்பதைக் காட்டும் சான்றுகளாக அமைந்துள்ளன.

இந்தப் பள்ளியை 1850ஆம் ஆண்டில் நிறுவியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். தனியார் முயற்சியாகத் தோன்றிச் சில ஆண்டுகளிலேயே அரசின் பொறுப்புக்கு மாறிய இப்பள்ளியின் தொடக்ககால நோக்கம், இன்று நாம் கருதும் பொருளில் ஓவியர்களை உருவாக்குவதாக இருக்கவில்லை. மட்பாண்டம், உலோகவேலை, மரவேலை, செதுக்கு அச்சு முதலிய கைத்தொழில்களுக்குத் தேர்ந்த கைவினைஞர்களையும், அலுவலகங்களுக்கும் பட்டறைகளுக்கும் வேண்டிய வரைவாளர்களையும் பயிற்றுவதே அதன் குறிக்கோளாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கான சோதனைகளை இங்கேயே தொடங்கினார் என்பது, அக்காலத்தில் இப்பள்ளி தொழிற்பட்டறைக்கு எவ்வளவு அருகில் நின்றது என்பதைக் காட்டும். அன்று வரையக் கற்றவருக்கு வேலை இருந்தது. ஆனால் தம் மனத்தில் தோன்றியதைத் தம் விருப்பப்படி வரைவதற்கு அந்த வேலையில் இடம் இருக்கவில்லை.

1920களின் இறுதியில் வங்காளத்திலிருந்து வந்து பள்ளியின் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த அவர், ஓவியத்தையும் சிற்பத்தையும் நுண்கலைகளாக, அதாவது பயன்பாட்டை முதன்மையாகக் கொள்ளாமல் வெளிப்பாட்டை முதன்மையாகக் கொண்ட கலைகளாகக் கற்பித்தார். மாணவர்களின் கற்பனைக்கு இதனால் விடுதலை கிடைத்தது. ஆனால் அந்தக் கற்பனையை விலைகொடுத்து வாங்கும் காட்சிக்கூடங்களும் சேகரிப்பாளர்களும் அந்நாளைய சென்னையில் மிகக் குறைவாதலால், கல்வி முடித்து வெளியேறியவர்களுக்குப் பிழைப்பு புதிய சிக்கலாயிற்று.

இச்சிக்கலைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்த அவர், சிறுவயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கி, பதினேழாம் வயதில் சென்னை நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் தம் படங்களை வைக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்; எனினும் குடும்பச் சூழல் காரணமாகத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர நேர்ந்தமையால், 1936ஆம் ஆண்டில், இருபத்தைந்தை எட்டிய பிறகே, கலைப் பள்ளியில் மாணவராக நுழைய முடிந்தது. பயிற்சி முடித்து அங்கேயே ஆசிரியரான அவர், 1944ஆம் ஆண்டில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்து, 1957ஆம் ஆண்டில் பள்ளியின் முதல்வரானார். திறன் மிகுந்த மாணவர்கள் படிப்பை முடித்தவுடன் வருவாய்க்காக வேறு பணிகளுக்குச் சென்று தூரிகையையே மறந்துவிடுவதைத் தொடர்ந்து கண்ட அவர், ஓவியம் விற்றுத்தான் ஓவியர் வாழவேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குவதற்கு என்ன வழி என்று ஆராயலானார்.

அவர் கண்ட வழி கைவினை. 1963ஆம் ஆண்டில் அவருடைய வழிகாட்டுதலில் ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. இச்சங்கத்தினர் முதலில் கைக்கொண்ட தொழில் பத்திக் எனப்படும் மெழுகுச் சாயமுறையாகும். துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, பின் துணியைச் சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி, மீண்டும் வேறு இடங்களில் பூசி வேறு நிறத்தில் தோய்த்து எனப் படிப்படியாக ஒரு வடிவத்தைத் துணியில் எழச்செய்வது இதன் முறை. ஓவியரின் கோட்டறிவும் நிற உணர்வும் இதற்கு நேரடியாகப் பயன்பட்டதோடு, ஓவியத்தை வாங்கத் தயங்கும் குடும்பங்களும் அழகிய துணியை வாங்கத் தயங்கவில்லை. இவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவிய குடியிருப்பே சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அரசின் மானியத்தையோ செல்வர் ஒருவரின் கொடையையோ நம்பாமல் ஓவியர்கள் தம் கையுழைப்பால் எழுப்பிய குடியிருப்பு என்பதே இதன் தனிச்சிறப்பு. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் எஞ்சியதைத் தத்தம் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் அளிப்பதும், விற்பனையில் ஒரு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்குவதும் அங்கு வழக்கமாயின. இந்த ஏற்பாட்டின் உட்பொருள் கருதத்தக்கது: வருவாய் துணியிலிருந்து வந்துவிடுவதால், வாங்குவோரின் விருப்பத்திற்கேற்ப ஓவியத்தை வளைக்க வேண்டிய தேவை குறைகிறது. கைவினையைக் கலைக்குச் செலுத்தும் வரியாக மட்டும் அவர்கள் கருதவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. உலோகத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் உருவம் சமைக்கும் நுட்பம் பி. வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரின் சிற்பங்களுக்கே அடிப்படையாயிற்று, எஸ். ஜி. வாசுதேவ் செப்புத் தகட்டில் புடைப்பு வடிவங்களை உருவாக்கினார். பிழைப்புக்காகப் பயின்ற கை கலைக்குப் புதிய மொழியையே தந்தது எனலாம்.

இதற்கு முன்பே, வேறொரு பாதை தமிழ் இதழ்களின் வழியாகத் திறந்திருந்தது. ஆனந்த விகடனில் மாலி தம் கேலிச்சித்திரங்களாலும் கோட்டோவியங்களாலும், அதாவது நிறப்பூச்சின்றிக் கோடுகளாலேயே உருவமும் உணர்வும் காட்டும் சித்திரங்களாலும், இதழோவியத்திற்கு ஒரு தகுதியை ஏற்படுத்தினார். அவரைப் பின்பற்றி வந்தவர்களுள், தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு வரைந்த படங்களால் வாசகர் மனத்தில் நிலைத்ததோடு, பின்னர் விளம்பரத் துறையிலும் தடம் பதித்தார்; நாமக்கல்லில் பிறந்து சென்னைப் பள்ளியில் பயின்ற சில்பி, கோயில்தோறும் அமர்ந்து சிற்பங்களை நுணுக்கமாக வரைந்து தென்னாட்டுச் செல்வங்கள் என்னும் வரிசையை அளித்தார்; கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த உருவங்களே அக்கதைமாந்தரின் முகங்களாகத் தமிழர் பலரிடம் இன்றும் தங்கிவிட்டன. வாரந்தோறும் குறித்த நாளுக்குள் படத்தை முடித்துத் தரவேண்டிய நெருக்கடியும், கதைக்கு அடங்கிய அளவும் இவர்களைக் கட்டுப்படுத்தின என்பது உண்மையே. ஆனால் அக்கட்டுப்பாட்டுக்குள்தான் அவர்களின் கோடு கூர்மையடைந்தது.

இவ்விரு பாதைகளிலும் ஒருசேர நடந்தவராகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் 1938ஆம் ஆண்டில் பிறந்த கே. எம். ஆதிமூலத்தைச் சொல்லலாம். ஓவிய ஆர்வம் ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு சென்னை வந்த அவருக்குச் சிற்பி எஸ். தனபாலின் அரவணைப்பு கிடைத்தது; அதன் பயனாக, பின்னாளில் கலைக் கல்லூரியான அப்பள்ளியில் சேர்ந்து பயின்று, பின்னர் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார். கைத்தறித் துணிகளுக்குப் புதிய வடிவங்களை உருவாக்கித் தருவதற்காக நடுவண் அரசு 1950களில் ஏற்படுத்திய இம்மையங்கள், ஓவியர்கள் பலருக்கு மாத ஊதியம் வழங்கிய அரிய இடங்களாக விளங்கின. ஊதியம் உறுதியான நிலையில், 1969ஆம் ஆண்டின் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் காந்தியை வெவ்வேறு நிலைகளில் கோட்டோவியங்களாக வரைந்தார், சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்துகளை வடிவமைத்து, தமிழ் எழுத்தின் தோற்றத்திலேயே ஒரு புதுமையைப் புகுத்தினார், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்குப் படம் வரைந்தார்; பிற்காலத்தில் உருவங்களைத் துறந்து நிறங்களால் மட்டுமே பேசும் அரூப ஓவியங்களுக்குச் சென்றார்.

எல்லோருக்கும் இத்தகைய சமநிலை வாய்ப்பதில்லை என்பதற்குக் கே. ராமானுஜத்தின் வாழ்வு சான்றாகும். 1941ஆம் ஆண்டில் பிறந்து, பேச்சிலும் பழக்கத்திலும் பெருந்தடைகளை எதிர்கொண்ட அவர், பணிக்கரின் ஆதரவால் கலைக் கல்லூரியிலும் பின்னர்ச் சோழமண்டலத்திலும் இடம் பெற்று, மாளிகைகளும் விலங்குகளும் தொப்பியணிந்த தம் உருவமும் செறிந்த கனவுலகைப் பேனாவாலும் மையாலும் படைத்தார். சென்னையின் கன்னிமரா விடுதிக்குச் சுவரோவியம் வரையும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. ஆனால் 1973ஆம் ஆண்டில், இளமையிலேயே அவர் வாழ்வு முடிந்துபோயிற்று. நல்லாசிரியரும் கூடி வாழும் சூழலும் ஒருவரின் கலையை மலரச் செய்யும். மனத்தின் தனிமைக்கு அவை மட்டுமே மருந்தாகிவிடா என்பதையும் இவ்வரலாறு நினைவூட்டுகிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது, ஓவியம் வாழ்க்கைத் தொழிலாவதற்கு இயல்பான திறமையோடு மூன்று துணைகள் வேண்டியிருந்தன என்பது புலனாகிறது. மாணவரின் கையை அறிந்து அதற்கேற்ப வழிகாட்டும் ஆசிரியர் முதலாவது. வரைதலோடு உறவுடையதாய், நிலையான வருவாய் தருவதாய் அமைந்த ஒரு பக்கத் தொழில் இரண்டாவது. தம்மைப் போன்ற பிறரோடு பேசவும் ஒப்பிடவும் இடமளிக்கும் குழு மூன்றாவது. இன்று பக்கத் தொழில்களின் வகைகள் பெருகியுள்ளன. சென்னைக் கல்லூரியில் பயின்ற தோட்டா தரணி, 1987ஆம் ஆண்டில் வெளிவந்த நாயகன் திரைப்படத்திற்காகச் சிறந்த கலை இயக்குநருக்கான தேசிய விருது பெற்றதைப் போல, திரைக்கலையும், அசைவூட்டம் எனப்படும் அனிமேஷனும், விளையாட்டுச் செயலிகளும், நூல் வடிவமைப்பும் வரையத் தெரிந்தவரை நாடுகின்றன. ஆயினும், கருவி கணினியாக மாறினாலும், உடலமைப்பையும் ஒளிநிழலையும் கண்ணால் அளந்து கையால் பதிக்கும் அடிப்படைப் பயிற்சியின் தேவை மாறிவிடவில்லை.

இத்துணைகளை ஒவ்வோர் இளைஞரும் தனித்தனியே தேடிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவதால் ஏற்படும் இழப்பு பெரிது. பதினேழாம் வயதில் கண்காட்சிக்குப் படம் அளித்த பணிக்கருக்குக் கலைப் பள்ளியின் கதவு திறக்க எட்டு ஆண்டுகளாயின. ஓவியர்கள் தம் உழைப்பால் வாழும் ஓர் ஊரை அவர் உருவாக்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்தை எட்டியிருந்தது. இத்துணைகளை வேறு எவரேனும் முன்னரே அமைத்துத் தந்திருந்தால், அந்த ஆண்டுகளில் பல அவருடைய ஓவியத்திற்கே கிடைத்திருக்கும். ஆகவே, வரையும் ஆர்வமுடைய பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய பொறுப்பில் பெற்றோருக்கு மட்டுமன்றி, பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடத்தை நிரப்பும் அரசுக்கும், படத்திற்கு உரிய ஊதியத்தை உரிய நாளில் தரும் பதிப்பகங்களுக்கும் நிறுவனங்களுக்கும், தம் வீட்டுச் சுவருக்கென ஓர் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கும் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு.