இயந்திரமும் காப்போம், இன்னுயிரும் காப்போம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



தோட்டத்து ஸ்டோரில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் இயந்திர உதிரிப் பாகங்களின்மேல் கெட்டியாகப் படிந்திருக்கும் கிரீஸை எவ்வாறு அகற்றுவது என்பது பற்றி இன்று நாம் சிந்திக்கவிருக்கின்றோம். இஞ்சின் அறையில் வேலை செய்வோர்க்கு மட்டுமே உரிய செய்தி இது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. தண்ணீர் பம்பு நின்றுவிட்டால் லயங்களில் குடிதண்ணீரும் நின்றுவிடும். அப்போது ஸ்டோரிலிருந்து பழைய பாகமொன்றை அவசரமாக எடுக்கின்றோம். அதிலுள்ள கிரீஸ் எளிதில் போவதில்லை. உடனே கை பெட்ரோல் டின்னை நாடுகின்றது. ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது.

இந்தக் கிரீஸ் எதற்காகப் பூசப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். இரும்பு, காற்றும் ஈரமும் பட்டால் துருப்பிடிக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றிலோ, தீட்டி மெருகேற்றிய இரும்பு மிக விரைவில் துருவேறிவிடும். ஆகவே, பாகங்களைச் செய்வோர் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மெழுகு போன்ற ஒரு பொருளை அவற்றின்மேல் பூசி, எண்ணெய்த்தாளில் சுற்றி அனுப்புகின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் துப்பாக்கிகளையும் இயந்திரப் பாகங்களையும் கடல் கடந்து அனுப்புகையில், காஸ்மோலின் எனப்படும் இத்தகைய பூச்சையே பயன்படுத்தினர். பூசிய புதிதில் அது மென்மையாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, அதிலுள்ள ஆவியாகக்கூடிய எண்ணெய் வெளியேறி, மீதி மெழுகாகப் பழுப்பேறி இறுகிவிடும். இறுகிய பின்னரும் அது இரும்பைக் காத்தே நிற்கின்றது.

ஆதலால் நம் முதல் விதி இது: பாகத்தைப் பொருத்தப் போகும் நாளிலன்றி அதன் கிரீஸைக் களையக் கூடாது. ஸ்டோரைச் சுத்தம் செய்கின்றோம் என்று எல்லாப் பாகங்களையும் துடைத்து வைத்தால், பொருத்தும் நாளில் நமக்குக் கிடைப்பது துருதான்.

களையும் முறையைப் படிப்படியாகக் காண்போம். தடித்த கிரீஸை மரச்சீவலாலோ பிளாஸ்டிக் துண்டாலோ முதலில் வழித்தெடுக்க வேண்டும். கத்தியும் திருப்புளியும் உதவா. அவை மெருகிட்ட பரப்பில் கீறல் உண்டாக்கும். கீறல் விழுந்த தண்டு, தான் சுழலும் இடத்தையும் தேய்த்துக் கெடுக்கும்.

அடுத்து, சூட்டின் உதவியை நாட வேண்டும். இவ்வகைக் கிரீஸ் ஏறத்தாழ 50 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். பாகத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையிலிட்டு, பழைய செய்தித்தாளின்மேல் நண்பகல் வெயிலில் வைத்தாலே பெரும்பகுதி இளகிவிடும். வெறும் இரும்புப் பாகமாயின், சோப்புக் கரைத்த வெந்நீரில் சிறிது நேரம் வைத்துத் தேய்க்கலாம். பேரிங், மின்சுருள், ரப்பர் வளையம் உள்ளவற்றை வெந்நீரில் இடலாகாது. அலுமினியப் பாகங்களுக்குக் காஸ்டிக் சோடாவை எக்காரணத்தாலும் பயன்படுத்தக் கூடாது. அது அலுமினியத்தை அரித்து, எரியக்கூடிய வாயுவையும் வெளிப்படுத்தும். நெருப்பில் நேரே காட்டிச் சூடாக்குவதும் கூடாது.

எஞ்சிய படலத்தை மண்ணெண்ணெய் நீக்கும். பாகம் நன்கு ஆறிய பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். அகன்ற தகரத் தட்டில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் தூரிகையால் கழுவ வேண்டும். இரண்டு தட்டுகள் இருப்பது நலம். முதல் தட்டில் அழுக்குப் போகும், இரண்டாவது தட்டில் பாகம் தெளியும்.

பெட்ரோல் இதைவிட விரைவாகக் கழுவுமே என்று சிலர் கேட்பர். விரைவாகக் கழுவும் என்பது உண்மையே. ஆயினும், பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும் தன்மையது. நம் வெப்பத்தில் அதன் ஆவி இடைவிடாது எழுந்துகொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றினும் கனமானது; கண்ணுக்குப் புலப்படாமல் தரையோடு பரவும். சற்றுத் தொலைவிலுள்ள அடுப்போ, மின்விசையின் சிறு பொறியோ, ஒருவர் பற்றவைத்த சிகரெட்டோ அதனைப் பற்றவைக்கலாம். பற்றிய தீ, கழுவிக்கொண்டிருப்பவரின் கைக்கே ஓடிவந்து சேரும்.

மண்ணெண்ணெயின் ஆவி சுமார் 38 பாகைக்கு மேல்தான் எளிதில் தீப்பற்றும். அதனாலேயே அது பெட்ரோலினும் பாதுகாப்பானது. அதனாலேயே மண்ணெண்ணெயைச் சூடாக்குவதும், வெயிலில் வைப்பதும், சூடான பாகத்தை அதில் இடுவதும், காற்றழுத்தக் கருவியால் தெளிப்பதும் கூடாது. அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரியும் எண்ணெயின்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவுமேயன்றி அணையாது.

கழுவிய பின் பாகத்தைத் தூய பருத்தித் துணியால் துடைத்து, அதிலுள்ள எண்ணெய்த் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மெல்லிய செம்புக் கம்பியை உள்ளே செலுத்தி, இறுகிய கிரீஸை வெளியேற்ற வேண்டும். துளை அடைத்திருந்தால் இஞ்சின் எண்ணெய் உள்ளே செல்லாது. ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பாகம் சூடேறி இறுகிவிடும். இறுதியாக, கழுவிய பரப்பெங்கும் இஞ்சின் எண்ணெய் தடவிவிட்டு, அன்றே பொருத்திவிட வேண்டும்.

நம் கைகளைப் பற்றியும் எண்ணுவோம். மண்ணெண்ணெய் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையைப் போக்கி, வெடிப்பும் சொறியும் உண்டாக்கும். நாம் மரத்திலிருந்து வடிக்கும் பாலில் உருவாகும் கையுறை இந்த வேலைக்கு ஏற்றதன்று. இயற்கை ரப்பர், மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் பட்டால் உப்பி வலுவிழந்துவிடும். நைட்ரைல் எனப்படும் செயற்கை ரப்பர்க் கையுறையே இதற்கு உரியது. வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய கிரீஸைச் சமையல் எண்ணெய் தடவி இளக்கி, சோப்பிட்டுக் கழுவலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஞ்சிய மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்க இடங்கொடாதீர்கள். தண்ணீரென்று எண்ணிக் குழந்தை குடித்துவிடலாம். நுரையீரலுக்குள் சென்ற மண்ணெண்ணெய் உயிருக்கே கேடு செய்யும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கழுவிய எண்ணெயைக் கால்வாயிலோ ஆற்றிலோ கொட்டுவதும் தவறு. எண்ணெய்க் கழிவும் எண்ணெய் தோய்ந்த துணியும், 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. மூடியுள்ள தகரப் பாத்திரங்களில் அவற்றைச் சேர்த்து, நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. “நேரமில்லை, பெட்ரோலிலேயே கழுவு” என்று மேலிருந்து கட்டளை வருமாயின் தொழிலாளி என் செய்வது? 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு விளைக்கும் உடனடி ஆபத்து உண்டென்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிடின், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகி நிற்கலாம் என்று அச்சட்டம் கூறுகின்றது. ஆகவே, முதலில் ஆபத்தைப் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயும் கையுறையும் கேளுங்கள். இவற்றைக் கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது.

பம்பு அரைநாள் தாமதமாக ஓடினால் நாம் பொறுத்துக்கொள்ளலாம். தீயில் வெந்த கையைப் புதிதாக வாங்கிப் பொருத்த எந்த ஸ்டோரிலும் உதிரிப் பாகம் கிடையாது. இதனை இஞ்சின் அறையிலுள்ள ஒவ்வோர் இளைஞரிடமும் எடுத்துரைப்பீர்களாக.