14.8 வோல்ட் ஆசை: கார் ஆடியோவுக்கு எந்த பேட்டரி, எவ்வளவு சார்ஜிங்?

காருக்குள்ள ஆம்ப், சப்வூஃபர் போட்டவங்களுக்கும் போடப்போறவங்களுக்கும் இந்த எபிசோட். கேள்வி ரெண்டுதான். எந்த பேட்டரி வாங்கணும்? சார்ஜிங் வோல்டேஜ் எவ்வளவு இருக்கணும்?

ஆடி மாச ஞாயிற்றுக்கிழமையை நினைச்சுப் பாருங்க. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போற ரோட்டுல வண்டிங்க ஊர்ந்து போகும். ஏசி ஓடுது, அம்மன் பாட்டு அதிருது, இன்ஜின் மட்டும் ஐடிலிங்ல இருக்கு. கார் ஆடியோவுக்கு இதுதான் நிஜமான பரீட்சை.

முதல் விஷயம். வண்டி ஓடும்போது ஆம்புக்கு கரண்ட் கொடுக்கிற வேலை ஆல்டர்னேட்டரோடது. அது தர முடியாத நேரத்துலதான் பேட்டரி கை கொடுக்கும். 1000 வாட் ஆம்ப், 80 சதவீத எஃபிஷியன்சினு வைங்க. ஃபுல் பவர்ல 13.8 வோல்ட்ல 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டுல சராசரி இதைவிட ரொம்பக் கம்மி. ஆனா பாஸ் விழுற அந்த நொடியில இவ்வளவு தேவைப்படும். ஆல்டர்னேட்டர் மேல எழுதியிருக்கிற ஆம்பியர் அதிக ஆர்.பி.எம்ல கிடைக்கிறது; ஐடிலிங்ல அவ்வளவு வராது. பீட்டுக்கு பீட் ஹெட்லைட் மங்குறது அதனாலதான்.

இங்கதான் சிலர் ஒரு ஐடியா சொல்வாங்க: "ரெகுலேட்டர் சென்ஸ் வயர்ல ஒரு டையோடு போடு, 14.2 வோல்ட் 14.8 ஆயிடும், சவுண்ட் பிச்சிக்கும்." கணக்கு போட்டுப் பார்ப்போம். பவர் வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். அதிகபட்சம் 9 சதவீதம் கிடைக்கும். சத்தத்துல அது 0.4 டெசிபல்கூட இல்லை. காதுக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனா பேட்டரிக்கு நல்லாவே தெரியும். டேட்டாஷீட்ல இருக்கிற சார்ஜிங் வோல்டேஜ் பொதுவா 25 டிகிரிக்கு. சூடு ஒரு டிகிரி ஏறினா, 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு சுமார் 0.02 வோல்ட் குறைக்கணும். நம்ம வெயில்ல பானட்டுக்குள்ள 50 டிகிரினா அரை வோல்ட் குறையணும். நாம அரை வோல்ட் ஏத்துறோம்! தண்ணி ஆவியாகும், ஹைட்ரஜன் வெளிய வரும். அந்த நேரத்துல டெர்மினல் லூசாகி ஒரு பொறி பறந்தா பேட்டரி வெடிக்கலாம்.

சரி, என்ன வாங்கலாம்? சின்ன ஆம்புக்கு நல்ல சாதா பேட்டரியே போதும். பெருசா போறீங்கன்னா ஏ.ஜி.எம். பாஸ் விழும்போது வோல்டேஜ் அவ்வளவு சரியாது, அதிர்வையும் தாங்கும். ஆனா சீல் பண்ணினது. ஓவர்சார்ஜ்ல தண்ணி போனா திரும்ப ஊத்த முடியாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை சாதா பேட்டரியோட நேரா சேர்த்துக் கட்டாதீங்க. ரெண்டுக்கும் ஓய்வு வோல்டேஜ் வேற வேற. காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரை முழுசா இழுத்து சூடாக்கிடும். நடுவுல டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

அப்புறம் பார்க்கிங். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பாட்டு போட்டா, சராசரி 20 ஆம்பியர்னாகூட, 60 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதிக்குக் கீழ போயிடும். ஸ்டார்ட்டிங் பேட்டரியை அடிக்கடி இப்படிக் காலி பண்ணினா ஆயுசு குறையும். அவசரத்துக்கு வண்டியும் கிளம்பாது.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுங்க. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். 12.2னா பாதி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லேர்ந்து 14.4 வரை. சில புது வண்டிகள்ல மைலேஜுக்காக கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும். அதுல ஒரே ரீடிங்கை வச்சு முடிவு பண்ணாதீங்க. அடுத்து, பாட்டு ஓடும்போது பேட்டரியிலயும் ஆம்ப் டெர்மினல்லயும் அளந்து பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம்னா கோளாறு வயர்லயோ எர்த்லயோ இருக்கு. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின வயரை விட்டுட்டு, தடிமனான சுத்த செம்பு வயர் போடுங்க. பேட்டரியிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள ஃபியூஸ் இருக்கட்டும். டையோடு தரேன்னு சொன்ன அதே அரை வோல்ட், பேட்டரியைக் கொதிக்க வைக்காமலே கிடைச்சிடும்.

உங்க வண்டி ரீடிங்கை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.